ஆபரேஷன் அறையிலிருந்து வந்த கவிஞர்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நேற்று ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி எத்தனை ரீல்ஸ் பார்த்தீங்க? அதுல ஒண்ணாவது இப்போ ஞாபகம் இருக்கா? எனக்கு இல்லை. இத்தனைக்கும் பார்க்கும்போது எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு.

இதற்கு நேரெதிரான ஒரு அனுபவத்தைப் பற்றி 200 வருடங்களுக்கு முன்பே பேசியவர் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ். 1818-ல் வெளிவந்த 'எண்டிமியான்' என்ற நெடுங்கவிதையை அவர் தொடங்குவதே இந்த விஷயத்தில்தான். அழகான ஒன்று தரும் மகிழ்ச்சி பழகப் பழகக் கூடும், களைத்த மனசுக்கு அதில் ஓய்வு கிடைக்கும் என்பது அவர் கட்சி. எதெல்லாம் அழகு என்று ஒரு பட்டியலும் தருகிறார். சூரியன், நிலா, பழைய கதைகள் எல்லாம் வரும் அந்தப் பட்டியலில் ஆடுகளுக்கும் இடம் உண்டு!

"கவலையே இல்லாத ஆள், என்ன வேணா சொல்லுவார்" என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனா இவர் படிச்சது மருத்துவம். பதினைந்து வயது நிறைவதற்குள் அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர். 1815-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்து, அடுத்த வருடம் அறுவை மருத்துவருக்கு உதவியாளர் ஆனார். காயங்களுக்குக் கட்டுப் போடணும், அறுவை நடக்கும்போது கூடவே நிற்கணும். ஈதர் மயக்க மருந்து அறுவைக்கு வந்ததே 1846-ல்தான். அப்போ யோசிச்சுப் பாருங்க, நோயாளிகள் முழு நினைவோட துடிக்கிறதை எத்தனை முறை பார்த்திருப்பார்? 1816-ல் தொழில் செய்ய உரிமமும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் கவிதை போதும் என்று முடிவெடுத்தார். அவருடைய காப்பாளருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. (நம்ம வீடுகளை நினைச்சுக்கோங்க.)

எண்டிமியான் வந்ததும் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒரு பத்திரிகை, மருந்துக் கடைக்கே திரும்பிப் போகச் சொல்லிக் கிண்டல் அடித்தது. அதே வருடம் டிசம்பரில் தம்பி டாம் காசநோயில் இறந்தார். கூடவே இருந்து கவனித்துக்கொண்டவர் கீட்ஸ். அழகு ஆறுதல் தரும் என்று எழுதின மனிதருக்கு வந்த பரீட்சை, அதுவும் அவுட் ஆஃப் சிலபஸ்.

1819 வசந்தகாலம். லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில், நண்பர் பிரவுனோட வீட்டில் இருக்கிறார் கீட்ஸ். பக்கத்தில் ஒரு நைட்டிங்கேல் பறவை கூடு கட்டியிருந்தது. ஒரு நாள் காலை, சாப்பாட்டு மேஜையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பிளம் மரத்தடியில் போட்டு உட்கார்ந்தவர், இரண்டு மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே வந்தபோது கையில் சில துண்டுக் காகிதங்கள். நைட்டிங்கேல் கவிதை பிறந்தது இப்படித்தான் என்று பிரவுன் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்.

80 வரிக் கவிதை அது. அதற்குள் நோயும் வருது, இளம் வயதுச் சாவும் வருது. டாமை நினைக்காமல் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. பறவையின் பாட்டு அவரை எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிறது. கடைசியில் பாட்டு தேய்ந்து மறைய, பழைய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறார். இந்த நேர்மைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கவலையெல்லாம் பறந்துடும்னு அவர் நம்மை ஏமாத்தலை.

மூன்றாவது செமஸ்டரில் எனக்கு ரெண்டு அரியர் விழுந்த வாரம், ஹாஸ்டல் மொட்டை மாடியில் இதை முதல்முறை வாசித்தேன். பாதி புரியலை. மறுநாள் இன்னும் கொஞ்சம் புரிஞ்சுது. அரியர் அப்படியே தான் இருந்தது, ஆனா அன்னைக்குத் தூக்கம் வந்தது. இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவை அந்தக் கவிதைக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் முன்னாடி கண்ணில் படாத ஒரு சொல் மாட்டும்.

நீங்களும் செய்து பாருங்க. ஆங்கிலம் மிரட்டினா குறுந்தொகை எடுங்க. பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடிக்குள் முடிஞ்சிடும், உரையும் சுலபமா கிடைக்கும். ஒரே ஒரு பாட்டு, ஒரு வாரம், தினமும் பத்து நிமிஷம். முதல் ரெண்டு நாள் போர் அடிக்கும், விட்டுடாதீங்க. ஒரு நாற்காலியை எடுத்துட்டு மாடிக்குப் போங்க. போன் ரூமிலேயே இருக்கட்டும்.