கேள்வித்தாளை நிரப்பும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். கடை ஆட்களின் மருத்துவக் காப்பீட்டுக்குப் புரோக்கர் கொடுத்த மூன்று தாள்களையும் படம் எடுத்து அனுப்பி, “இதில் எது மலிவு?” என்று கேட்டிருந்தாய். தொகையை மட்டும் பார்த்தால் இரண்டாவது தாள்தான் மலிவு. அதோடு ஐந்து பக்கத்துக்கு ஒரு கேள்வித்தாளும் இருக்கிறது. கடையில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் நோய், மருந்து, ஆபரேஷன் எல்லாவற்றையும் அதில் எழுதித் தரவேண்டும். இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை என்றாய். நல்லது, கொடுக்காதே. ஏன் என்று போனில் சொல்லி முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பிலடெல்ஃபியா பக்கத்தில் அச்சகம் வைத்திருந்தது உனக்குத் தெரியும். 2008-இல் என்னிடம் ஏழு பேர் இருந்தார்கள். பைண்டிங் வேலை பார்த்தவருக்கு அந்த வருஷம் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். நவம்பரில் ரினியூவல் கடிதம் வந்தது. பிரீமியம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. காரணம் எதுவும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. ஏழு பேர் இருக்கிற இடத்தில் யாருடைய நோய் அந்தத் தொகையை ஏற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது. மறுநாள் காலை, விரலில் பசை காய்ந்திருந்த கையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “என் பேரை எடுத்துடுங்க சார், மத்தவங்களுக்குக் குறையும்” என்றார். நான் எடுக்கவில்லை. ஆனால் அந்தத் தொகையைக் கட்ட, எல்லோருடைய மனைவி மக்களுக்கும் கொடுத்துவந்த பங்கை நிறுத்தினேன். அடுத்த ஆறு மாதத்தில் நன்றாக வேலை தெரிந்த இரண்டு பையன்கள் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அவர் அன்று சொன்ன அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அன்றைக்கும் சட்டம் இருந்தது. சிறு கடைக்குக் குரூப் காப்பீடு தரமாட்டேன் என்று கம்பெனி மறுக்கக்கூடாது என்று 1996-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. ஆனால் என்ன விலைக்குத் தரவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு, வாசற்படியை ஆள் ஏறமுடியாத உயரத்தில் கட்டிவிடலாம். அதைத்தான் செய்தார்கள்.

2010 மார்ச் 23-ஆம் தேதி ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டம், 2014 முதல் அந்தப் படியைக் குறைத்தது. சிறு குரூப் என்றால் பெரும்பாலான மாநிலங்களில் ஐம்பது பேர் வரை. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் நூறு பேர் வரை. அந்தச் சந்தையில் விற்கும் பாலிசிக்கு விலை வைக்கக் கம்பெனி பார்க்கக்கூடியது நான்குதான்: வயது, எந்தப் பகுதி, புகையிலைப் பழக்கம் உண்டா, குடும்பத்தில் எத்தனை பேர். உன் தோசை மாஸ்டருக்குச் சர்க்கரை இருக்கிறதா, பரிமாறும் பெண் கர்ப்பமா என்பதற்கெல்லாம் விலையில் இடமில்லை. இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கம்பெனி, நீ இருக்கும் டெக்சாஸில் இந்தச் சந்தையில் காப்பீடு செய்யும் அத்தனை சிறு கடைகளையும் ஒரே கணக்கில் போட்டுத்தான் விலை போடவேண்டும். உன் கடையில் ஒருவருக்கு டயாலிசிஸ் வந்தால் அந்தச் செலவு ஆயிரக்கணக்கான கடைகளின் தலையில் சிறுசிறு துளியாக விழும். உன் ரினியூவல் கடிதத்தைப் பார்த்து யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தில் சிறு முதலாளிக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பது என் முடிவு. வரிச் சலுகை, அரசு இணையச் சந்தை என்று விளம்பரப்படுத்தியதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆனால் எல்லோருக்கும் இது லாபமாக இருக்கவில்லை. இளவட்டங்களை மட்டும் வைத்து நடத்திய கடைகளுக்கு 2014-க்குப் பிறகு விலை ஏறியது, அது உண்மை. எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் சிறு தொழில் செய்பவர்களின் தேசியக் கூட்டமைப்பும் ஒன்று. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டத்தின் மையப் பகுதியை நிலைநிறுத்திய அந்தத் தீர்ப்பே அந்த அமைப்பின் பெயரில்தான் இருக்கிறது. என் தெருவில் இருந்த கடைக்காரர்கள் பலரும் அவர்கள் பக்கம்தான். அவர்கள் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். மாதக் கடைசியில் சம்பளம் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பயம் புரியும்.

முதல் தாள் இந்தச் சந்தையில் விற்கும் சாதாரண சிறு குரூப் பாலிசி. வயதுக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், அதில் இருக்கும் தொகை எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியவேண்டும். 21 வயதுக்காரருக்கு ஒரு பங்கு என்றால் 40 வயதுக்கு 1.278, 60 வயதுக்கு 2.714, 64-க்கு மூன்று பங்கு. மூன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். உன் மாஸ்டருக்கு அறுபது. அவர் ஒருவருக்கான பிரீமியத்தில் பரிமாறும் பையன்கள் இரண்டரைப் பேருக்குக் கட்டலாம். அதனால் நீ போடும் பங்கை எல்லோருக்கும் ஒரே டாலராக வைக்காதே, அவரவர் பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்று வை. இல்லையென்றால் உன் கடைக்கு ருசி கொடுக்கும் மனிதர் தன் சம்பளத்திலிருந்து எல்லோரையும்விட அதிகம் கொடுப்பார்.

இப்போது அந்த இரண்டாவது தாள். லெவல் ஃபண்டட் என்று போட்டிருக்கிறது. மாதாமாதம் ஒரே தொகை கட்டுவதால் பார்ப்பதற்குக் காப்பீடு போலவே இருக்கும். சட்டப்படி அது உன் கடை தானே மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்ளும் திட்டம். நீ கட்டும் பணம் மூன்றாகப் பிரியும். ஒரு பகுதி கிளெய்ம்களுக்கான உண்டியல், ஒரு பகுதி நிர்வாகக் கூலி. மூன்றாவது பகுதி, செலவு ஓர் எல்லையைத் தாண்டினால் ஏற்றுக்கொள்ளும் ஸ்டாப் லாஸ் என்ற வேறொரு காப்பீட்டுக்கு. வருஷக் கடைசியில் உண்டியலில் மிச்சம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்ப வரலாம். புரோக்கர் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்.

இது தானே செலவை ஏற்கும் திட்டம் என்பதால், நான் மேலே சொன்ன நான்கு அளவுகோல் விதி இதற்குக் கிடையாது. கேள்வித்தாள் வருவது அதனால்தான். சிறு குரூப் பாலிசியில் கட்டாயமாக இருக்கவேண்டிய பத்து வகைச் சிகிச்சைகளையும் (பிரசவம், மனநலம், மருந்து எல்லாம் அதில் சேரும்) வைத்தே ஆகவேண்டும் என்பதும் இதற்கு இல்லை. எல்லோரும் நன்றாக இருக்கிற வருஷத்தில் இது மலிவுதான், மறுக்கவில்லை. யாராவது விழுந்த வருஷத்துக்குப் பிறகு ஸ்டாப் லாஸ் கம்பெனி விலையை ஏற்றலாம், அந்த ஒருவருக்கு மட்டும் எல்லையை உயர்த்தி வைக்கலாம், புதுப்பிக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். 2008-இல் என் மேசைக்கு வந்த கடிதம் வேறு கவரில் உன் மேசைக்கு வரும்.

“அப்போது திரும்பிப் போய்ச் சாதாரண சிறு குரூப் பாலிசி எடுத்துக்கொண்டால் போச்சு” என்று புரோக்கர் சொல்வார். சொல்வது சரிதான், சிறு குரூப் பாலிசி விற்கும் கம்பெனிகள் உன்னை மறுக்க முடியாது. ஆனால் யோசித்துப் பார். உடம்பு நன்றாக இருக்கும்வரை வெளியே நின்று, நோய் வந்ததும் உள்ளே வருவது என்று எல்லாக் கடையும் செய்தால், அந்தப் பொதுக் கணக்கில் நோயாளிகள் இருக்கும் கடைகள்தான் மிஞ்சும். நம் ஊரில் கண்மாய்க்கு மராமத்து வேலை என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். மழை நன்றாகப் பெய்த வருஷம் வராதவர், வறண்ட வருஷம் மடையைத் திறக்கச் சொல்லி வந்து நின்றால் ஊர் என்ன சொல்லும்? அதோடு அந்தக் கேள்வித்தாள் இருக்கிறதே, பதில்களை நீ பார்க்காவிட்டாலும், பத்துப் பதினைந்து பேர் இருக்கும் சமையலறையில் அதை நிரப்பச் சொல்வதே ஒருவரைத் தலைகுனிய வைக்கும்.

மூன்றாவது தாள், நீ பாலிசி எதுவும் எடுக்காமல் பணம் கொடுப்பது. உன் ஆட்கள் அவரவர் தனிநபர் பாலிசி எடுத்துவிட்டு ரசீதைக் காட்டுவார்கள். இது எனக்குப் பிடித்த யோசனை. 2014-இல் நானே செய்யப் போனேன், என் கணக்காளர் ஓடிவந்து தடுத்தார். அந்த நேரத்து விதிப்படி அப்படிக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் அபராதம், வருஷத்துக்கு 36,500. நல்லது செய்ய நினைத்த சிறு முதலாளிகள் அதில் மாட்டிக்கொண்டு திணறினார்கள். 2016 டிசம்பரில்தான் ஐம்பது பேருக்குக் குறைந்த கடைகளுக்கு ஒரு வழி திறந்தார்கள். 2017-இல் அதற்கு வைத்த உச்சவரம்பு தனி ஆளுக்கு 4,950 டாலர், குடும்பத்துக்கு 10,000. ஆண்டுதோறும் அது கொஞ்சம் ஏறும். 2020 ஜனவரி முதல் உச்சவரம்பே இல்லாத இன்னொரு வகையும் வந்தது, உன் தாளில் இருப்பது அதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, இதை உன் ஆட்களுக்கு நீயே உட்கார வைத்துச் சொல்லவேண்டும். சம்பளம் குறைந்தவருக்கு அரசு இணையச் சந்தையில் பிரீமிய உதவி கிடைக்கும். நீ கொடுக்கும் பணம் அல்லது குரூப் பாலிசி ‘கட்டுப்படியாகும்’ என்று விதிக்கணக்கில் வந்துவிட்டால் அந்த உதவி அவருக்குப் போய்விடும். பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு நீ கொடுப்பதைவிட அரசு கொடுப்பது கூடுதலாக இருக்கலாம். நீ நல்லது செய்கிறேன் என்று அவர் கையிலிருப்பதைத் தட்டிவிட்டதாக ஆகும். 2021-இல் கூட்டிக் கொடுத்த உதவி 2025 முடியும் வரைக்கும் என்றுதான் சட்டத்தில் இருந்தது, ஆகவே பழைய தொகையை வைத்துக் கணக்குப் போடாதே. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை டெக்சாஸ் விரிவாக்கவில்லை என்பதையும் மறக்காதே. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் பெரியவர்கள் பலருக்கு அங்கே இரண்டு பக்கமும் உதவி இல்லை.

நீ கட்டாயம் காப்பீடு தரவேண்டுமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். வேண்டாம். முந்தைய வருஷம் குறைந்தது ஐம்பது முழுநேர ஆளுக்குச் சமமாக ஊழியர்கள் இருந்த முதலாளிகளுக்குத்தான் கட்டாயம். வாரம் முப்பது மணி வேலை செய்தால் முழுநேரம். பகுதிநேரத்துக்காரர்களின் மாத மணிநேரத்தைக் கூட்டி 120-ஆல் வகு. உன் எட்டு மாணவர்கள் ஆளுக்கு 60 மணி என்றால் 480, வகுத்தால் நான்கு. முழுநேரம் ஆறு, ஆக மொத்தம் பத்து. ஃப்ரிஸ்கோவில் இரண்டாவது கடையை வேறு பெயரில் பதிந்தாலும், இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் நீங்களே என்றால் ஒன்றாகச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

வரிச் சலுகைக்குக் கணக்கு வேறு. எல்லோருடைய வருஷ மணிநேரத்தையும் கூட்டி 2,080-ஆல் வகுக்கவேண்டும், அதில் உன் கடைக்கு எட்டுதான் வரும். நீயும் மாப்பிள்ளையும் எண்ணிக்கையில் வரமாட்டீர்கள். சராசரிச் சம்பளமும் வரம்புக்குள் இருந்து, ஊழியருடைய பிரீமியத்தில் நீ பாதியாவது கட்டினால், நீ கட்டியதில் 50 சதவீதம் வரை வரியில் கழியும். ஆனால் தொடர்ந்து இரண்டு வருஷம்தான், அதுவும் ஷாப் என்கிற சிறு தொழில் திட்டத்தில் சேர்ந்த பாலிசியாக இருந்தால்தான். சில மாநிலங்களில் அதை விற்கக் கம்பெனியே கிடையாது. உங்கள் கவுண்டியில் உண்டா என்று முதலில் கேள்.

அப்பா அம்மா வரும்போது இந்தப் பாலிசியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். சேர்க்க முடியாது. ஊரில் பல கம்பெனிகளின் குரூப் பாலிசியில் பெற்றோரையும் சேர்ப்பதால் நம்மவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். இங்கே மனைவி அல்லது கணவன், 26 வயது வரை பிள்ளைகள், அவ்வளவுதான். அண்ணனுக்கும் மதினிக்கும் வருகையாளர் காப்பீடு தனியாக எடுத்துவிடு, டிக்கெட் போடும் அன்றைக்கே.

ஆக, என் யோசனை முதல் தாள். சில்வர் என்றால் சராசரியாகச் செலவில் 70 சதவீதம் பாலிசி ஏற்கும், கோல்ட் என்றால் 80. சில்வரிலிருந்து தொடங்கு. எத்தனை பேர் சேருவார்கள் என்று நீ கவலைப்படுவது நியாயம். மாணவர்கள் வரமாட்டார்கள், முழுநேரத்தவரிலும் சிலர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றால் தயங்குவார்கள். ஊழியர்களில் எழுபது சதவீதம் போலச் சேரவேண்டும் என்று கம்பெனிகள் நிபந்தனை வைப்பது வழக்கம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை விண்ணப்பித்தால், எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதைக் காட்டிச் சிறு குரூப்பை மறுக்கக்கூடாது. ஜனவரி முதல் தேதி பாலிசி தொடங்கிவிடும்.

கேள்வித்தாளைப் புரோக்கரிடம் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடு. ஒவ்வொருவரின் வயது, வாரத்துக்கு எத்தனை மணி, வீட்டு ஜிப் கோடு, கணவனோ மனைவியோ வேறு இடத்துக் காப்பீட்டில் இருக்கிறார்களா, இந்த நாலை மட்டும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. பெயர்கூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு போன் பண்ணு, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா