நம் நிலத்தை அறிவோம்: நெய்யாறு

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் வளரும் நம் பிள்ளைகள் உலகப் படத்தில் எத்தனையோ தீவுகளைக் காண்கிறார்கள். அவற்றுள் ஒன்று பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு. அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டரை எட்டாது. குடிநீருக்கு மழையைத் தொட்டிகளில் சேர்த்து வைக்கிறார்கள். நமக்கோ மலை, வயல், கடல் மூன்றும் ஓர் ஆற்றின் வழியிலேயே அமைந்துள்ளன.

மலை: நெய்யாறு அகத்தியமலையில் பிறக்கிறது. அதன் சிகரம் 1,868 மீட்டர் உயரம். இம்மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் விழும் மழை தாமிரபரணியாகித் திருநெல்வேலிச் சீமைக்குச் செல்கிறது. மேற்குச் சரிவின் மழை நெய்யாறாகி நம் பக்கம் வருகிறது. இம்மலைக்காடுகளை 2016இல் யுனெஸ்கோ உலக உயிர்க்கோளக் காப்பக வரிசையில் சேர்த்தது.

இடைநாடு: மலைக்கும் கடலுக்கும் நடுவே செம்மண் மேடுகளும் பள்ளங்களும் மாறிமாறி வரும். மேட்டில் தென்னை, ரப்பர், மரச்சீனி. பள்ளத்து ஏலாக்களில் நெல், வாழை. இடவப்பாதி, துலாமழை என்று இரு பருவமழைகளும் கிடைப்பதால் இந்தப் பசுமை.

கடற்கரை: 56 கிலோமீட்டர் ஓடியபின் நெய்யாறு பூவாற்றில் கடலை அடைகிறது. அங்கே அலை குவிக்கும் மணல்திட்டு ஆற்றின் வாயை மறிக்கும். வெள்ளம் வந்தால் உடையும். இந்த முகத்துவாரமே ‘பொழி’. அருகிலுள்ள பொழியூரில் கடலரிப்பால் மீனவர்கள் வீடிழந்துள்ளனர்.

எல்லையும் தண்ணீரும்: 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டுடன் இணைந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு பிரித்தது ஊர்களை. ஆற்றுப்பாசனம் இருபுறத்துக்கும் பொதுவாகவே இருந்தது. 1958இல் தொடங்கிய நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், விளவங்கோடு வட்டத்தில் சுமார் 9,200 ஏக்கருக்கும் நீர் தந்தது. 2004இல் அந்நீர் நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கால்வாயின் இருபுறமும் உறவினரைக் கொண்ட நமக்கு இது வெறும் செய்தி அல்ல. ஒரு வீட்டில் விளைச்சல், மறு வீட்டில் தரிசு.

ஆற்றுக்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு. மணலை அளவின்றி அள்ளினால் ஆற்றுப்படுகை தாழும்; கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும்; முகத்துவாரத்தில் உப்புநீர் மேலேறும். ஆற்றில் நீர் இருந்தும் வீட்டில் குடிக்க நீர் இராது. ஆகவே ஆற்றைக் காப்பது எல்லைக்கு இருபுறமும் உள்ளவர் கடமை.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. உங்கள் ஊர் மலைநாடா, இடைநாடா, கடற்கரையா?
2. வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிற்றால் அளந்து குறித்து வையுங்கள். எந்த மாதத்தில் மிகவும் தாழ்கிறது?
3. உங்கள் ஊர் ஏலாவில் முன்பு என்ன விளைந்தது, இப்போது என்ன விளைகிறது? தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தமிழில் பத்து வரி எழுதுங்கள்.