வடிவமைப்புக் கணினி வாங்கும் தம்பிக்கு



இயந்திரப் பொறியியல் முடித்து, வார்ப்பகங்களுக்கும் பம்ப் தொழிற்சாலைகளுக்கும் வரைபடம் வரைந்து கொடுக்கும் தொழிலைக் கோவையில் தொடங்க விரும்பும் இளைஞருக்கு முதல் பெருஞ்செலவாக வந்து நிற்பது கணினிதான். காந்திபுரத்துக் கடைகளில் பாகங்களைத் தனித்தனியே தேர்ந்து பூட்டித் தரப்படுவதும், பின்னாளில் விரிவாக்கத்தக்கதுமான கணினி ஒரு வழி. எச்பி இசட், லெனோவா திங்க்ஸ்டேஷன் போன்ற பெயர்களில் முழுமையாக்கப்பட்டு வரும் வொர்க்ஸ்டேஷன், அதாவது பணிநிலையக் கணினி, மற்றொரு வழி. இவ்விரண்டில் எது வேகமானது என்றே பலரும் கேட்கின்றனர். ஆனால் கணினி பழுதாகி நின்ற நாளில் யார் வந்து சரிசெய்வார், அதுவரை எத்தனை நாள் வேலை நிற்கும் என்ற கேள்விக்கே முதலிடம் தர வேண்டும்.

கொங்கு நாட்டார்க்கு இந்த வேறுபாடு புதியதன்று. கிணற்றடியில் நிற்கும் பம்ப்செட்டிலேயே இது உண்டு. மோனோபிளாக் பம்பில் மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் அமைந்திருப்பதால் இடம் குறைவாகப் பிடிக்கிறது, இரண்டையும் நேர்கோட்டில் நிறுத்தும் அலைன்மென்ட் வேலையும் இல்லை. ஆனால் மோட்டார் கருகினால் முழுப் பம்பையும் கழற்றித் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. கப்ளிங்கால் இணைத்த பம்ப்செட்டில் மோட்டாரை மட்டும் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்துவிட்டு, அதே குதிரைத்திறனும் வேகமும் உடைய வேறொரு மோட்டாரைப் பொருத்தித் தண்ணீர் இறைக்கலாம். ஆயினும் பொருத்தியவர் நேர்கோட்டைத் தவறவிட்டால் பேரிங் விரைவில் தேய்ந்துவிடும். பூட்டித் தரப்படும் கணினி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் நன்மையும் தீமையும் பூட்டியவரின் கைத்திறத்தைச் சார்ந்திருக்கின்றன.

எந்தக் கடையில் வாங்கிய பாகமும் எந்தப் பெட்டியிலும் பொருந்தும் நிலை தானாக வந்ததன்று. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் தாய்ப்பலகையில், அதாவது எல்லாப் பாகங்களும் செருகப்படும் மின்சுற்றுப் பலகையில், கூடுதல் அட்டைகளுக்கென ஐந்து விரிவாக்கப் பள்ளங்கள் இருந்தன. அதன் மின்சுற்று வரைபடங்களையும் அந்நிறுவனம் கையேடாக வெளியிட்டது. அதனால் பிற நிறுவனங்களும் அதற்குப் பொருந்தும் அட்டைகளைச் செய்யத் தொடங்கின. 1983இல் காம்பேக் போன்ற நிறுவனங்களின் ஒத்தியங்கும் கணினிகள் விற்பனைக்கு வந்தன. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறை, தாய்ப்பலகையின் திருகுத் துளைகளையும் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியின் இணைப்புகளையும் பொதுவாக்கியது. இன்று காந்திபுரத்தில் வாங்கும் எஸ்எம்பிஎஸ் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பெட்டியில் பொருந்துவதற்குக் காரணம் இதுவே. பணிநிலையக் கணினியின் வழி வேறு. 1982இல் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் கருவியையும் இயக்க மென்பொருளையும் சேர்த்தே வடிவமைத்துப் பொறியாளர்களுக்கு விற்றன. உள்ளிருக்கும் பாகங்கள் பெரிதும் பிசியின் பாகங்களாகவே மாறிவிட்ட பின்னரும், முழுப் பொறுப்பையும் ஒரே நிறுவனம் ஏற்கும் அந்த மரபு தொடர்கிறது.

அந்தப் பொறுப்புக்கே கூடுதல் விலை கொடுக்கப்படுகிறது. சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களை உருவாக்குவோர், குறிப்பிட்ட வரைகலை அட்டையையும் அதன் இயக்கியையும் சோதித்துச் சான்றளிக்கின்றனர். சான்று பெற்ற கணினியில் கோடு மறைவது, திரை உறைவது போன்ற கோளாறு வந்தால் அதை அவர்களிடம் முறையிட வழி இருக்கிறது. இசிசி எனப்படும் பிழைதிருத்து நினைவகம் ஒரு பிட் பிழையைத் தானே திருத்தி, இரண்டு பிட் பிழையைக் கண்டறிந்து தெரிவிக்கிறது. உருகிய இரும்பு அச்சுக்குள் எவ்வாறு நிரம்பும், குளிரும்போது எவ்விடத்தில் சுருங்கிக் குழி விழும் என்பதை இரவெல்லாம் கணக்கிடும் வார்ப்பு உருவகப்படுத்தலுக்கு அது உண்மையிலேயே தேவை. பம்ப்பின் இம்பெல்லரை வரைவதற்கு மட்டும் கணினியைப் பயன்படுத்துவோர்க்கு அத்தேவை மிகக் குறைவு. இடத்திற்கே வந்து பழுதுபார்க்கும் உத்தரவாதமும் பெரும்பாலும் மூன்றாண்டுகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் பணிமனை காங்கேயத்திலோ தாராபுரத்திலோ இருந்தால், அவ்வூர் அஞ்சல் குறியீட்டுக்கு அந்தச் சேவை உண்டா என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே பணம் கட்ட வேண்டும்.

இனி, விரிவாக்கம் என்ற சொல்லை நம்பி ஏமாறுவோரும் பலர். பள்ளங்கள் நிறைய இருக்கின்றன என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து, அவற்றைக் கடைசிவரை வெறுமையாகவே விட்டுவிடுவோரைக் காணலாம். நடைமுறையில் மாற்றப்படுபவை நினைவகம், சேமிப்பகம், வரைகலை அட்டை ஆகிய மூன்றே. செயலியை மாற்ற முடியுமா என்பதை, அது அமரும் சாக்கெட் தீர்மானிக்கிறது. இன்டெல் 2020இல் எல்ஜிஏ1200, 2021இல் எல்ஜிஏ1700, 2024இல் எல்ஜிஏ1851 எனச் சாக்கெட்டை மாற்றிக்கொண்டே வந்துள்ளது. புதிய தலைமுறைச் செயலியை விரும்பியவர் பலமுறை தாய்ப்பலகையையும் சேர்த்தே மாற்ற நேர்ந்தது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டோ 2016இல் வந்து பல தலைமுறைச் செயலிகளைத் தாங்கியது. அதன் வழிவந்த ஏஎம்5 2022இல் வெளியானது. டிடிஆர்4 நினைவகம் டிடிஆர்5 பள்ளத்தில் பொருந்தாது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ஆகவே 32 ஜிபி வேண்டுவோர் 8 ஜிபி பட்டைகள் நான்கை வாங்காமல் 16 ஜிபி பட்டைகள் இரண்டை வாங்கி, மீதி இரு பள்ளங்களைப் பின்னாளுக்கென விட்டுவைப்பதும், நாளை வரக்கூடிய வரைகலை அட்டையின் மின்தேவையை இன்றே கணக்கிட்டு எஸ்எம்பிஎஸ்ஸைத் தேர்வதும் அறிவுடைமை. முப்பரிமாணப் படிவம் வரையும்போது வேலை பெரும்பாலும் செயலியின் ஒரே உள்ளகத்தின்மேல், அதாவது ஒரே கோரின்மேல், விழுவதால், உள்ளகங்களின் எண்ணிக்கையைவிட ஒற்றை உள்ளகத்தின் வேகமே வரைவோர்க்குப் பயன்படும். உருவகப்படுத்தலுக்கு எண்ணிக்கை உதவும்.

விலைப்பட்டியலில் இடம்பெறாத இரண்டு பொருள்கள் இப்பகுதிக் கணினிகளின் ஆயுளைக் குறைக்கின்றன: தூசும் மின்சாரமும். திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பகுதிகளில் பஞ்சுத் தூசு குளிர்விப்பானின் தகடுகளை அடைத்துவிடுகிறது. வார்ப்பகத்தில் பறக்கும் இரும்புத் துகளோ மின்கடத்தியாதலால் தாய்ப்பலகைக்கே கேடு. பணிமனைக் கம்ப்ரஸரின் காற்றை நேரே அடித்துத் துடைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அக்காற்றில் ஈரம் கலந்திருக்கும், மின்விசிறியும் அளவுமீறிச் சுழன்று கெடும். எளிதில் கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டியுள்ள பெட்டியே இங்கு ஏற்றது. 2012இன் கடும் மின்வெட்டைக் கண்ட கோவைத் தொழில்முனைவோர்க்கு யுபிஎஸ்ஸின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. சதுர அலை தரும் மலிவான கருவியைத் தவிர்த்துத் தூய சைன் அலை தருவதை வாங்குவது கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நல்லது என்பதை மட்டும் நினைவூட்டலாம்.

கோவையின் தொழில் முன்னோடி ஜி.டி. நாயுடு இளமையில் பாடுபட்டு வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்தும் பூட்டியும் இயந்திரத்தைக் கற்றார் என்பது இவ்வூர் அறிந்த செய்தி. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் மின்மோட்டார் செய்ததற்கு அந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கமே அடிப்படை எனலாம். தொழில் தொடங்கும் இளைஞருக்கு, பூட்டித் தரப்படும் விரிவாக்கக் கணினியே தக்கது என்ற முடிவுக்கு விலைக் குறைவு ஒரு காரணமாகும். தன் கருவியின் உள்ளமைப்பைத் தானே அறிந்துகொள்வது அதனினும் பெரிய காரணமாகும். ஆனால் பல நாள் இடைவிடாது உருவகப்படுத்தல் ஓடும் நிறுவனத்திலும், சான்று பெற்ற கருவி வேண்டும் என வாடிக்கையாளரே எழுதிக் கேட்கும் இடத்திலும், வொர்க்ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது.

எதை வாங்கினாலும், தம்பி, பணம் கொடுக்கும் முன் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள். தாய்ப்பலகையும் எஸ்எம்பிஎஸ்ஸும் பொது அளவில் உள்ளனவா, அந்நிறுவனத்துக்கே உரிய தனி வடிவில் உள்ளனவா எனக் கேளுங்கள். தனி வடிவானால், உத்தரவாதம் முடிந்த பின் அவை எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். பூட்டித் தரும் கணினியானால் ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசை எண் குறித்த பில்லை வாங்கி ஒரே உறையில் போட்டு வையுங்கள். உத்தரவாதம் பாகத்துக்குப் பாகம் வேறாக இருக்கும்.