மார்கழி ஏரியில் வெண்கொக்கு

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரிகளில் நீர் தங்கும் மார்கழியே, நைனார்பாளையம் போன்ற ஊர்களில் நீர்ப்பறவைகளை ஒளிப்படம் எடுக்க ஏற்ற காலம். இக்கலையில் மாணவர்க்கு நல்லாசான் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர், பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த கருவியால் பெரும்பாலும் கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தவர். வண்ணத்தின் துணையின்றி ஒளியை மட்டுமே நம்பியவர் என்பது கருதத்தக்கது.

வெண்கொக்கையே காண்க. இருண்ட நீர்ப்பரப்பில் அது சிறிதாக நிற்கும்போது, ஒளிமானி நீரின் கருமையை அளந்து ஒளியை மிகுதியாக உள்ளே விடும். இறகின் வரிகள் அழிந்து பறவை வெறும் வெண்திட்டாகும். எனவே ஒளியைக் குறைத்தல் வேண்டும். பறவையே சட்டத்தை நிறைப்பின் நேர்மாறு: ஒளியைக் கூட்டாவிடில் வெண்மை சாம்பலாகும்.

வேடந்தாங்கலில் பறவைகள் கூடுகட்டுவதும் இக்குளிர்காலத்தில்தான். நாம் நெருங்கித் தாய் எழுந்து பறந்தால், குஞ்சு வெயிலில் வாடும், காக்கைக்கும் இரையாகும். அவ்வாறு எடுத்த படத்தைப் படமென ஏற்க என் மனம் ஒப்பாது. இரை தேடுவதை நிறுத்தி, கழுத்தை நீட்டிப் பறவை நம்மை நோக்குமாயின், ஓசையின்றிப் பின்வாங்குக.