அறுபது ரூபாய் சான்றிதழ், எழுபதாயிரம் ரூபாய் வட்டி

ஜூனியர்ஸ், இந்த இதழ்ல ப்ராஜெக்ட், பிளேஸ்மென்ட் எல்லாத்தையும் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு ஃபீஸ் பத்திப் பேசலாம். நம்ம ஃபீஸை நம்ம வீட்ல எங்கிருந்து கட்டுறாங்கன்னு நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. அம்மாவோட நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். இல்லைன்னா மகளிர் குழுக் கடன் எடுத்து வாரம் வாரம் கட்டிக்கிட்டு இருப்பாங்க. இதைவிட மிகக் குறைந்த செலவில் அரசு தரும் பணம் இருக்கும்போதே இது நடக்குது. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர் வீட்டிலும், திருச்சுழி பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுகிறவர் வீட்டிலும் இதே கதைதான்.

முதல்ல ஒரு வித்தியாசம். உதவித்தொகை, கட்டணச் சலுகை இதெல்லாம் திருப்பித் தர வேண்டாத பணம். கல்விக் கடன் திருப்பித் தர வேண்டிய பணம். அதனால் எப்பவுமே முதலில் திருப்பித் தர வேண்டாததை வாங்கி முடிச்சுட்டு, மிச்சத்துக்கு மட்டும் பேங்குக்குப் போகணும். நிறைய பேர் இதைத் தலைகீழா செய்றாங்க.

திருப்பித் தர வேண்டாததில் பெரியது, 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சு, 2021 சட்டப்படி வந்த இந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங்ல சீட் வாங்கியிருந்தால், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் தமிழக அரசே ஏற்கிறது. அந்த நண்பர்களுக்குக் கடன் தேவையே இல்லை. அதே அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. மாதம் 1,000 ரூபாய் நேரா கணக்கில் விழும். வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தனியா வரும். இந்த இரண்டும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. (என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் மெட்ரிக்ல படிச்சவங்களுக்கு இது கிடையாது. அதுல எனக்கு வருத்தமும் இல்லை. யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போகுது.)

அடுத்தது, முதல் பட்டதாரி சலுகை. கவுன்சலிங் வழியா தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவருக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும். நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இது கிடையாது. விண்ணப்பத்தில் தாத்தா பாட்டி வரைக்கும் என்ன படிச்சாங்கன்னு கேட்பாங்க. அக்கா ஏற்கெனவே டிகிரி முடிச்சிருந்தால், உங்களுக்குக் கிடையாது. அக்கா சலுகை வாங்காம படிச்சிருந்தாலும் அதேதான். இதை மறைச்சு சான்றிதழ் வாங்குறதுக்கு ஊர்ல ஐடியா சொல்றவங்க இருப்பாங்க. அவங்களைத் தாண்டி வந்துடுங்க.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எஸ்.சி. மாணவர்களுக்கான திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கே வருகிறது. வந்த பணத்தில் கல்லூரிக்குக் கட்ட வேண்டியதும் இருக்கும். அது தெரியாம செலவு பண்ணிட்டா, ஹால் டிக்கெட் நேரத்தில் சிக்கல்.

மாணவிகள் ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி ஸ்காலர்ஷிப்பைக் கண்டிப்பா பாருங்க. வருடத்துக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை. முதல் வருஷம் சேர்ந்தவங்களும் லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் வருஷம் சேர்ந்தவங்களும் போடலாம். ஒரு வீட்ல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும் வாங்கலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதே தொகையில் சக்ஷம் இருக்கு. ரெண்டுக்குமே தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில்தான் விண்ணப்பிக்கணும். ஒரு தடவை கிடைச்சா போதும்னு விட்டுடாதீங்க, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும்.

இதெல்லாம் போக மிச்சம் நிற்கும் தொகைக்குத்தான் கல்விக் கடன்.

கடன்னு சொன்னதும் நம்ம ஊர் அப்பாக்களுக்கு வரும் முதல் பயம் நிலம். வானம் பார்த்த கரிசல் காடு அஞ்சு ஏக்கர் இருக்கும். பாதியில் சீமைக்கருவேலம் முளைச்சுக் கிடக்கும். இருந்தாலும் "பேங்குல பட்டாவைக் கேப்பாங்களே"ன்னு பின்வாங்குவாங்க. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி நாலு லட்சம் வரை அடமானமும் கிடையாது, நம்ம கைக்காசு போடவும் வேண்டாம். ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறதால அடமானம் தேவையில்லை. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். ஆனா அந்தக் கையெழுத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. தவணை நின்னா உங்க சிபில் ஸ்கோரோட அவங்க ஸ்கோரும் சேர்ந்து விழும்.

இனி வட்டிக் கணக்கு. இதைப் பேப்பர் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்க. ஒருத்தர் ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் 50,000 வீதம் நாலு வருஷத்துக்கு இரண்டு லட்சம் கடன் எடுக்கிறார். கணக்கு எளிதா இருக்க வட்டி 10 சதவீதம்னு வச்சுக்குவோம். படிக்கும் காலம், அதோட இன்னும் ஒரு வருஷம், ஆக மொத்தம் அஞ்சு வருஷம் தவணை கட்ட வேண்டாம். இதைத்தான் மாரட்டோரியம்னு சொல்றாங்க. இந்தக் காலத்தில் தனி வட்டிதான் போடணும், வட்டிக்கு வட்டி கிடையாது. முதல் 50,000க்கு அஞ்சு வருஷ வட்டி 25,000. இரண்டாவதுக்கு நாலு வருஷம், 20,000. மூன்றாவதுக்கு 15,000. நாலாவதுக்கு 10,000. கூட்டினால் 70,000.

இந்த 70,000 ரூபாயை மத்திய அரசே கட்டும். 2009இல் வந்த வட்டி மானியத் திட்டம் இது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ, உங்க பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான், அதனால யூஜிக்கு வாங்கினா பிஜிக்குக் கிடையாது. பாதியில் படிப்பை நிறுத்தினாலோ, கல்லூரி வெளியேற்றினாலோ மானியம் போயிடும். உடல்நலக் காரணம்னா ஆவணம் காட்டலாம்.

ஆனா இது தானா வராது. வருமானச் சான்றிதழை நீங்க பேங்கில் கொடுக்கணும். பேங்க் அதை வச்சு, இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான கனரா வங்கியிடம் கேட்டு வாங்கணும். கடன் வாங்கிட்டோமே, மானியம் வந்துடும்னு சும்மா இருந்தா, அஞ்சு வருஷம் கழிச்சு 2,00,000 இருக்க வேண்டிய கணக்கில் 2,70,000 நிற்கும். அஞ்சு வருஷத் தவணையில் கட்டினா முதலாவதுக்கு மாதம் சுமார் 4,250, இரண்டாவதுக்கு சுமார் 5,740. மாசம் பதினைஞ்சாயிரம் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ற ஆளுக்கு இந்த 1,500 ரூபாய் வித்தியாசம் சின்னது இல்லை.

அந்தச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அங்கே போட்டதும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ்னு நகரும். நம்ம பக்கம் சிக்கல் வருவது வருமானத்தை எழுதும் இடத்தில்தான். தறிக்காரருக்கும் கரிமூட்டக்காரருக்கும் பே ஸ்லிப் ஏது? மழை பெய்ஞ்ச வருஷம் ஒரு வருமானம், பெய்யாத வருஷம் இன்னொண்ணு. அப்ளிகேஷன் போட்டுட்டு ஸ்டேட்டஸை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. ரேஷன் கார்டு, ஆதாரோட நேர்ல போய் வி.ஏ.ஓ.வைப் பாருங்க, வீட்ல என்ன தொழில், யார் யார் சம்பாதிக்கிறாங்கன்னு உள்ளதைச் சொல்லுங்க. அப்பா பேரில் எழுத்துப் பிழை இருந்தா அங்கேயே சொல்லித் திருத்துங்க. சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும். ஸ்காலர்ஷிப்புக்கும் அதேதான் கேட்பாங்க, அதனால வருஷா வருஷம் ஜூன்லயே போட்டு வாங்கி வச்சிடுங்க.

வருமானம் நாலரை லட்சத்தைத் தாண்டி எட்டு லட்சத்துக்குள் இருந்தா, 2024 நவம்பரில் அறிவிச்ச பி.எம். வித்யாலட்சுமியைப் பாருங்க. தேர்ந்தெடுத்த தரமான கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான், பட்டியலில் உங்க கல்லூரி இருக்கான்னு முதல்ல தேடுங்க. இருந்தா, பத்து லட்சம் வரையான கடனுக்கு மாரட்டோரியம் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை. வேறு அரசு ஸ்காலர்ஷிப் வாங்குபவருக்கு இது கிடையாது.

பேங்கில் "உங்க ஊர் எங்க ஏரியாவுக்குள்ள வராது"ன்னு சொல்லி அனுப்பினா, அப்படியே திரும்பி வந்துடாதீங்க. அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012லயே சொல்லியாச்சு. வாய்ப்பேச்சோட விடாம ஆன்லைன்ல விண்ணப்பத்தைப் பதிவு பண்ணுங்க, எண் கிடைக்கும். மறுத்தா காரணத்தை எழுத்தில் கேளுங்க. அதுக்கு மேல விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் மூலமா முன்னோடி வங்கி மேலாளரைப் பார்க்கலாம். மாவட்ட நிர்வாகம் கல்விக் கடன் முகாம் நடத்தும்போது எல்லா ஆவணத்தோட போனா, ஒரே இடத்தில் பல வங்கிக்காரங்களைப் பார்த்துடலாம்.

கடைசியா என் செட் ஃபைனல் இயர் ஆட்களுக்கு. கன்வோகேஷன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த மாசமே உங்க கிளைக்குப் போய் லோன் ஸ்டேட்மென்ட் வாங்குங்க. அதில் வட்டி மானியம் வரவு வச்சிருக்காங்களான்னு வருஷம் வருஷமா பாருங்க. விடுபட்டிருந்தா, அந்த வருஷத்து வருமானச் சான்றிதழ் நகலோட எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. மாரட்டோரியம் முடியும் தேதியைக் கேட்டு போன்ல அலாரமா போட்டு வைங்க, அந்தத் தேதிக்கு அப்புறம் வரும் வட்டி முழுக்க நம்மளோடது. வேலை கிடைக்கலைன்னா அந்தத் தேதிக்கு முன்னாடியே மேனேஜரைப் பார்த்து தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்க, பதினைஞ்சு வருஷம் வரை இடம் இருக்கு. அஞ்சு வருஷத்துக்குப் பதிலா பத்து வருஷம்னா அந்த 4,250 ரூபாய் தவணை 2,640 ஆகும். மொத்தமா சுமார் 62,000 கூடுதலா கட்டுவீங்க. தேர்தல் வந்தா தள்ளுபடி வரும்னு சொல்லி தவணையை நிறுத்தச் சொல்ற சீனியர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி நிறுத்தின பிறகு, அடுத்த கடனுக்கு எந்தப் பேங்கும் அவங்களைக் கூப்பிட்டதா நான் கேள்விப்படலை.