இரண்டு பிம்பமும் சேர்ந்துவிட்டால் போதுமா?

நம்பிக்கை: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில், வியூஃபைண்டரின் நடுக்கட்டத்தில் தெரியும் ஒரே பொருளின் இரண்டு பிம்பமும் ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி.

உண்மை: இந்தக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. லைக்கா எம்3-ஐ எடுத்துக்கொள்வோம். லென்ஸின் பின்விளிம்பில் ஒரு பித்தளை வளையம். ஃபோகஸைத் திருப்பும்போது அது கேமராவுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளையைத் தள்ளுகிறது. உருளை ஒரு கரத்தை அசைக்க, கரம் இரண்டாவது பிம்பத்தை நகர்த்துகிறது. இந்தச் சங்கிலியில் ஃபிலிமுக்கு இடமே கிடையாது. வளையம் தேய்ந்திருந்தாலும், கரம் வளைந்திருந்தாலும், ஃபிலிம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டாலும் கட்டத்துக்குள் பிம்பங்கள் அழகாகவே சேரும்.

எவ்வளவு பிசகினால் கெடும்? 50 மி.மீ. லென்ஸ், ஒரு மீட்டர் தூரம், எஃப் 2. ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் மொத்தமே நாலரை செ.மீ. ஃபிலிம் இருக்குமிடத்தில் 0.1 மி.மீ. தவறினால் போதும், ஃபோகஸ் மூன்றரை செ.மீ. தள்ளிப்போகும். கண்ணுக்கு வைத்தது மூக்கு நுனியில் போய் நிற்கும்.

நம்பிக்கை: இன்ஃபினிட்டியில் சரியாக இருந்தால் எல்லாத் தூரத்திலும் சரியாக இருக்கும்.

உண்மை: அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். காலையில் ரேடியோ கேட்டு மணி திருத்திய கடிகாரம், மெதுவாக ஓடினால் சாயங்காலம் பின்தங்கித்தானே இருக்கும்? ரேஞ்ச்ஃபைண்டரிலும் இப்படி இரண்டு தனித்தனித் திருத்தங்கள் உண்டு. எங்கே தொடங்குகிறது என்பது ஒன்று. எந்த வேகத்தில் நகர்கிறது என்பது இன்னொன்று. லைக்கா எம் வரிசையில் முதலாவதை உருளையின் அச்சு தீர்மானிக்கிறது, இரண்டாவதைக் கரத்தின் நீளம். உருளையை மட்டும் திருத்தி மொட்டைமாடியிலிருந்து பார்த்துத் திருப்திப்பட்டால், ஒரு மீட்டரில் எடுக்கும் முகம் கெட்டே வரும். தொலைவில் ஒருமுறை, ஒரு மீட்டரில் ஒருமுறை என இரண்டையும் பார்த்தாக வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது கலையும் என்பதால் திரும்பவும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இன்ஃபினிட்டி என்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது போதாது. நூறு மீட்டருக்கும் இன்ஃபினிட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நல்ல ரேஞ்ச்ஃபைண்டர் காட்டிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் செல்போன் கோபுரம் தேவலை. இரவில் நிலாவோ நட்சத்திரமோ இன்னும் நல்லது.

நம்பிக்கை: பிம்பங்கள் மேலும் கீழுமாகத் தெரிந்தால் ஃபோகஸ் போய்விட்டது.

உண்மை: எரிச்சலான விஷயம்தான், ஆனால் தூரத்தை அளப்பது பக்கவாட்டு நகர்வு. செங்குத்தான ஒரு கோட்டைப் பார்த்துச் சேர்த்தால் அளவு சரியாகவே வரும்.

நம்பிக்கை: ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

உண்மை: தெரியும், செய்கிற விதத்தில் செய்தால். சாய்ந்த ஸ்கேலின் நடுக்கோட்டிலேயே ஃபோகஸ் வைப்பதுதான் தவறு. நடுக்கட்டம் ஒரு புள்ளியல்ல. அதற்குள் ஸ்கேலின் பல செ.மீ. அடங்கிவிடும், எதைச் சேர்த்தோம் என்று நமக்கே தெரியாது. கேமராவுக்கு நேராக ஒரு தீப்பெட்டியை நிறுத்தி அதன் விளிம்பில் ஃபோகஸ் வையுங்கள். ஸ்கேல் அதன் பக்கத்தில், அதே தூரத்தில் அதன் நடு எண் வருமாறு சாய்ந்திருக்கட்டும். டிரைபாட் கட்டாயம். அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். எஃப் 8-இல் ஆழம் 18 செ.மீ. ஆகிவிடும், எந்தக் குற்றமும் அதில் ஒளிந்துகொள்ளும். ஃபோகஸ் வைத்தபின் கேமராவைத் திருப்பாதீர்கள். ஒரு மீட்டரில் 20 டிகிரி திருப்பினால் ஆறு செ.மீ. பிசகு கேமராவின் குற்றமே இல்லாமல் வந்துவிடும்.

நம்பிக்கை: ஃபிலிமை வீணாக்க வேண்டாம், ஃபிலிம் இடத்தில் சொரசொரப்பான கண்ணாடி வைத்துப் பார்த்தாலே போதும்.

உண்மை: அருமையான வழி, நானும் இதைத்தான் முதலில் சொல்வேன். ஷட்டரை ‘பி’யில் திறந்துவைத்து, கண்ணாடியின் தேய்த்த முகம் லென்ஸைப் பார்க்க வைத்து, பூதக்கண்ணாடியால் நோக்க வேண்டும். ஆனால் கேமராவின் பின்புறத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஃபிலிமுக்கு ஒளி வரும் ஜன்னலை ஒட்டி உள்ளே ஒரு ஜோடித் தண்டவாளம். அதற்கு வெளியே, மயிரிழை உயரமாக, இன்னொரு ஜோடி. ஃபிலிம் நிற்பது உள் ஜோடியின் மேல். அதை அழுத்தும் தகடு நிற்பது வெளி ஜோடியின் மேல். அகலமான கண்ணாடியை வைத்தால் அது வெளி ஜோடியில் உட்கார்ந்துவிடும். 0.2 மி.மீ. பின்தள்ளி உட்கார்ந்தால் ஒரு மீட்டரில் ஏழு செ.மீ. பொய். நல்ல கேமராவைக் கெட்டது என்று சொல்லிவிடும்! கண்ணாடிக்குப் பதில் செலோ டேப் ஒட்டிப் பார்ப்பவர்கள் அது தொய்யாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருகு மவுண்ட் காலத்து லைக்காக்களில் பின்பக்கம் திறக்காது. அங்கே ஃபிலிம் செலவழித்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: வியூஃபைண்டரில் உருப்பெருக்கி மாட்டினால் சரியாகிவிடும்.

உண்மை: துல்லியம் கூடும், பிசகு அப்படியே இருக்கும். கேமராவின் முகப்பில் இரண்டு பிம்பங்களும் வரும் ஜன்னல்களுக்கு இடையிலான தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கிக் கிடைப்பதே ஒரு ரேஞ்ச்ஃபைண்டரின் திறன். எம்3-க்கு அது 62 மி.மீ. அளவில், 0.72 வியூஃபைண்டர் கொண்ட எம்6-க்கு 50. இந்த எண்கள் கண்ணுக்கு உதவும், தேய்ந்த வளையத்துக்கு அல்ல.

நம்பிக்கை: படம் பிசகினால் கேமராவை சர்வீஸுக்குக் கொடு.

உண்மை: முதலில் வேறொரு லென்ஸை மாட்டிப் பாருங்கள். எல்லா லென்ஸும் ஒரே பக்கம் பிசகினால் கேமரா. ஒன்று மட்டும் பிசகினால் அந்த லென்ஸ்; கேமராவில் திருகைத் தொட்டால் மற்ற லென்ஸ்களும் கெடும். லென்ஸில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். ஸைஸின் சி சொனார் 50 மி.மீ. எஃப் 1.5 போன்றவற்றில் அப்பர்ச்சரைக் குறைக்கக் குறைக்க ஃபோகஸ் பின்னால் நகரும். எஃப் 1.5-இல் சரியாக வருவது எஃப் 2.8-இல் சற்றுப் பின்னே போகும்; எந்த அப்பர்ச்சருக்குப் பொருத்துவது என்பது உரிமையாளர் எடுக்கவேண்டிய முடிவு. சோவியத் லென்ஸ்களில் பெரும்பாலும் உள்ளே மெல்லிய வளையத் தகடுகளைக் கூட்டிக் குறைத்தே ஃபிலிமுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தைச் சரிசெய்கிறார்கள். கார்கிவில் 1934-இல் தொடங்கிய ஃபெட் கேமராக்களின் ஆரம்பகால உருப்படிகளில் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம் 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்தப்படவில்லை, ஒவ்வொரு லென்ஸையும் அதனதன் கேமராவுக்கே பொருத்தி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட லென்ஸை மட்டும் தனியே வாங்குபவர், விலையோடு தகடு மாற்றும் கூலியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.