பதினான்கு சீருடைகள்

நுழையும்முன்

பெற்றோரின் பணிமாறுதலால் ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவர் பலர். புதிய வகுப்பறை, புதிய நண்பர்கள், புதிய மொழி என அனைத்தையும் அவர்கள் மீண்டும் தொடங்க வேண்டியுள்ளது. பதினான்கு அணிகளில் ஆடிய பேஸ்பால் வீரர் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் தொடக்கமும்

எட்வின் ஜாக்சன் 1983 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் நாள் ஜெர்மனியின் நோய்-உல்ம் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அமெரிக்கப் படைவீரர். அப்போது அங்குப் பணியாற்றி வந்தார். பின்னர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரில் ஜாக்சன் வளர்ந்தார். 2001 ஆம் ஆண்டு, உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்குத் தேர்வு பெற்றார்.

எறிவாளரின் பணி

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரைப் போன்றவர் பேஸ்பாலில் எறிவாளர். அவர் சிறு மேட்டின்மீது நின்று, ஏறத்தாழ 18 மீட்டர் தொலைவிலுள்ள மட்டையாளரை நோக்கிப் பந்தை எறிவார். பந்து தரையில் குத்தி எழாமல் நேரே செல்லும். குறித்த எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் சென்றுவிட்டால், மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்தை அடையலாம். ஆகவே, எறிவாளருக்கு வேகமும் வேண்டும், கட்டுப்பாடும் வேண்டும். ஜாக்சனிடம் வேகம் மிகுதியாக இருந்தது. கட்டுப்பாடோ பலமுறை அவரைக் கைவிட்டது.

ஏற்றமும் இறக்கமும்

தம் இருபதாம் பிறந்தநாளன்று, 2003 இல், ஜாக்சன் முதன்முதலாகப் பெரும்போட்டியில் களமிறங்கினார். எதிரணியின் எறிவாளர் புகழ்பெற்ற ராண்டி ஜான்சன். அன்று வெற்றி ஜாக்சனுக்கே கிட்டியது. ஆயினும், அடுத்த ஈராண்டுகளில் அவர் ஆட்டம் தளர்ந்தது. டாட்ஜர்ஸ் அணி அவரைத் தாம்பா பே அணிக்கு மாற்றியது. அமெரிக்க அணிகள் தம் வீரர்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வது வழக்கம். அவ்வழக்கமே ஜாக்சனை ஊர் ஊராக அழைத்துச் சென்றது.

2010 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் நாள், அரிசோனா அணிக்காக ஆடிய அவர், தம் பழைய அணியான தாம்பா பேயை அதன் சொந்தக் களத்திலேயே சந்தித்தார். தொடக்கத்தில் பந்து அவர் சொன்னபடி கேட்கவில்லை. மூன்றாம் சுற்றில் ஒருவரும் ஆட்டமிழக்காத நிலையில், மூன்று தளங்களிலும் எதிரணியினர் நின்றனர். எனினும், அவர்களுள் ஒருவரையும் ஓட்டம் எடுக்கவிடாமல் அச்சுற்றை முடித்தார். ஆட்டம் முழுவதிலும் எட்டுப் பேரை அடிக்காமலேயே முதல் தளத்திற்கு அனுப்பினார்; ஆனால், களத்தடுப்பாளரின் பிழையின்றிப் பந்தை அடித்துத் தளம் சேர ஒருவரையும் விடவில்லை. 149 பந்துகள் எறிந்து, 1-0 என அணியை வெல்லச் செய்தார். எறிவாளர்க்கு இது அரிய பெருமையாகும்.

2011 ஆம் ஆண்டு ஜூலை 27 ஆம் நாள் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி அவரை டொரண்டோ அணிக்கு மாற்றியது. அன்றே டொரண்டோ அணி அவரைச் செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றியது. அவ்வாண்டு செயின்ட் லூயிஸ் அணி வாகை சூடியது. அவ்வெற்றியில் ஜாக்சனும் பங்கு பெற்றார். ஆனால், 2013 இல் சிகாகோ கப்ஸ் அணிக்காக ஆடியபோது 18 தோல்விகள் அவர் கணக்கில் சேர்ந்தன.

சாதனை

2011 இல் ஓர் ஆட்டமும் ஆடாமல் கடந்துசென்ற டொரண்டோ அணிக்காக, 2019 மே 15 அன்று ஜாக்சன் களமிறங்கினார். அது அவருடைய பதினான்காவது அணி. அதற்குமுன் எவரும் அத்தனை அணிகளில் ஆடியதில்லை. 2025 இல் ரிச் ஹில் என்னும் எறிவாளர் இச்சாதனையைச் சமன் செய்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்க அணியிலும் ஜாக்சன் இடம்பெற்றார். அதன்பின் ஓய்வை அறிவித்தார்.

பதினேழு பருவங்களில் அவர் பெற்ற வெற்றிகள் 107, தோல்விகள் 133. தோல்விகளே மிகுதி. எனினும், ஓர் அணி விடுவித்தபோது மற்றோர் அணி அவரை அழைத்தது. ஒவ்வோர் இடத்திலும் சீருடை புதிது. உடன் ஆடுவோர் புதியர். அவர் கற்ற தொழில் மட்டும் எங்கும் அவருடனேயே சென்றது.

சொல்லும் பொருளும்

வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
களம் – ஆடுமிடம்
பருவம் – ஓர் ஆண்டின் போட்டிக் காலம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஜாக்சன் பிறந்த நாடு ________.
2. 2010 ஜூன் 25 அன்று அவர் எறிந்த பந்துகள் ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. அவ்வாண்டு 2. பிறந்தநாளன்று

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்தை அடைவது எப்போது?
2. 2011 ஜூலை 27 அன்று நிகழ்ந்தது யாது?

ஈ. சிந்தித்து எழுதுக.
வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த வீரரைப் பல அணிகள் அழைத்தது ஏன்? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.